மீன் தொட்டித் தண்ணீரில் நுண்ணுயிர்களைப் பார்ப்பது எப்படி?

தொட்டியின் நடுவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நேராக மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சொட்டு எடுக்கும் இடத்தையும் மாற்றுங்கள், லென்ஸையும் மாற்றுங்கள்.

தெளிந்த தண்ணீரில் உயிர் குறைவுதான். எதையாவது பற்றிக்கொண்டோ, அழுக்கில் மேய்ந்துகொண்டோ வாழ்பவைதான் அதிகம். ஸ்பாஞ்ச் ஃபில்டரை லேசாகப் பிழிந்தால் வரும் பழுப்புத் தண்ணீர், கண்ணாடியின் வழவழப்பு, ஜாவா மாஸ் என்ற பாசிச் செடியின் இடுக்கு, மிதக்கும் செடியின் வேர் எல்லாம் நல்ல இடங்கள். தொட்டி புதிது என்றால் சில வாரம் பொறுங்கள்.

நான் விரும்பிச் செய்யும் முறை வேறு. சின்னத் தெர்மாகோல் துண்டில் கீறல் போட்டு, அதில் ஒரு கவர் ஸ்லிப்பை (ஸ்லைடில் சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) செருகி, கண்ணாடி தண்ணீருக்குள் தொங்கும்படி மிதக்க விடுவேன். ஒரு வாரம், பத்து நாளில் அதில் ஒரு குடியிருப்பே உருவாகிவிடும். எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு, துடைக்காத பக்கம் கீழே இருக்கும்படி ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர்மேல் வையுங்கள். டிராப்பரில் உறிஞ்சினால் கலைந்துபோகிறவை இதில் வாழ்ந்த இடத்திலேயே இருக்கும்.

முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது வார்டிசெல்லா. காம்பின் நுனியில் மணி கவிழ்த்ததுபோல ஓர் ஒற்றைச் செல் உயிர், பக்கத்தில் இன்னும் இருபது முப்பது. மேசையை மெல்லத் தட்டினேன். அத்தனை காம்பும் ஸ்பிரிங் மாதிரி சட்டென்று சுருண்டன, பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக நீண்டன. செல்லுக்குள் கால்சியம் பாய்வதுதான் அந்தச் சுருக்கத்துக்குக் காரணம். அன்று வேறெதையும் பார்க்க மனம் வரவில்லை.

எப்போதும் 40 மடங்கில் தொடங்குங்கள். பரந்த இடம் தெரியும், அசைவு உடனே கண்ணில் படும். பிறகு 100. மற்றதெல்லாம் அப்புறம். 1674-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்கு அருகே இருந்த ஏரியின் தண்ணீரில் நுண்ணுயிர்களைக் கண்டு எழுதிய லேவன்ஹுக்கின் கருவிகளில், இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகச் சிறந்ததே ஏறக்குறைய 270 மடங்குதான் பெரிதாக்கும்.

ரோட்டிஃபரை நிச்சயம் தேடுங்கள். தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல் இருக்கும். உண்மையில் எதுவும் சுழல்வதில்லை, நுண்மயிர்கள் அலையலையாக அடிக்கின்றன. உடலுக்குள் தாடை அரைப்பதும் தெரியும். தாடையும் வயிறும் கொண்ட இந்தப் பலசெல் விலங்கு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே செல்லான ஸ்டென்டரோ 2 மில்லிமீட்டர் வரை நீளும். இரண்டும் ஒரே ஸ்லைடில் கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஒற்றைச் செல் உயிரான பரமீசியம் ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு பஞ்சு இழைகளைச் சொட்டில் போடுங்கள், இடையில் மாட்டி நிற்கும். அப்போது 400-க்குப் போகலாம். உடலுக்குள் ஒரு குமிழ் பெருத்து, சட்டென்று மறைந்து, மறுபடி பெருக்கும். நன்னீர் ஓயாமல் உள்ளே ஊறுவதால் அது இப்படி வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது; இல்லையென்றால் வெடித்துவிடும்.

விளக்குச் சூட்டில் ஸ்லைடு காயும். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் அவ்வப்போது தொட்டித் தண்ணீர் ஒரு துளி விடுங்கள். பார்த்து முடித்ததும் அதே கவர் ஸ்லிப்பைத் தெர்மாகோலில் செருகித் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் எடுக்கும்போது அதில் யார் போயிருக்கிறார்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.