தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் 'ரோபோட்' எங்கே இருக்கிறது?

டிராஃபிக் சிக்னல்தான் அது. “ரெண்டாவது ரோபோட்டில் லெஃப்ட்” என்று வழி சொன்னார்களே, நீங்கள் தேடியலைந்த இயந்திர மனிதன் அங்கே கிடையாது, சிவப்பு மஞ்சள் பச்சை விளக்குக் கம்பம்தான்.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் வந்த சொல், அண்ணன் யோசெப் எடுத்துக்கொடுத்தது. ரொபோட்டா என்றால் அவர்கள் மொழியில் கட்டாய உழைப்பு, நம் பழைய வெட்டி ஊழியம் மாதிரி. போலீஸ்காரர் கைகாட்டிய இடத்தில் தானாக மாறும் விளக்கு வந்ததும் அதற்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, தென்னாப்பிரிக்காவில் அப்படியே நிலைத்தும்விட்டது.

அடுத்த முறை “ரோபோட்டா, சர்க்கிளா?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், சர்க்கிள் என்றால் ரவுண்டானா.

ஒன்று, மின்வெட்டில் அணைந்து கிடக்கும் ரோபோட்டையும் எண்ணிக்கையில் சேர்க்கணும். அங்கே எல்லாரும் நின்று, முதலில் வந்தவர்தான் முதலில் போகணும்.