வளைகாப்பு முடிந்து ஊர் மாறும்போது: பிரசவம், பச்சிளங்குழந்தை பற்றிய கேள்வி பதில்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பிரசவ வார்டிலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இப்போதே அவசரம் என்றால் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சிஸ்டர், என் மனைவிக்கு இது தலைப்பிரசவம். நாங்கள் தருமபுரி பக்கம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்ததும் கரூரில் அம்மா வீட்டுக்குப் போகிறாள். இங்கே பார்க்கும் நர்ஸம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. நீங்கள் இதைக் கேட்டதே எனக்கு சந்தோஷம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. வளையல் அடுக்கி, சீர் கொடுத்து, கார் பிடித்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் பெண்ணின் பிரஷர், ரத்த அளவு, ஸ்கேன் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் பழைய ஊரில் நின்றுவிடுகிறார்.

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடந்திருக்கிறது. அப்படியும் 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைக்கு 54 தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். இந்திய அளவில் அது 97. நம் நிலை நாட்டுச் சராசரியைவிட நல்லதுதான், ஆனால் அந்த 54-ஐக் கட்டடம் கட்டி மட்டும் குறைக்க முடியாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பெண் மாறுகிற இடங்களில்தான் விஷயம் நழுவுகிறது என்பது என் அனுபவம். மாமியார் வீட்டிலிருந்து அம்மா வீடு, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி, லேபர் ரூமிலிருந்து வார்டு, வார்டிலிருந்து வீடு, இவையெல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்.

அதனால் கிளம்புவதற்கு முன் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் தேதியும் போகும் ஊரும் சொல்லுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது அரசு கொடுத்த பிக்மி எண்ணை உங்கள் போனிலும் மாமியாரின் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகைச் சீட்டு மூன்றும் துணிப்பெட்டிக்குள் போகக்கூடாது, கைப்பையில் இருக்கட்டும். கரூர் போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள நர்ஸம்மாவை நேரில் பார்த்துவிட வேண்டும். "வலி வந்ததும் போய்க்கலாம்" என்று அவர்கள் வீட்டில் சொன்னால் நீங்கள் விடாதீர்கள்.

கேள்வி: 33 வாரம் ஆகிறது. சென்னையில் இருக்கிறேன். நேற்று பிரஷர் 138/92. மேல் நம்பர் 140-க்குள் இருப்பதால் பரவாயில்லை என்றார் வீட்டுக்காரர். கால் வீக்கம் எல்லாருக்கும் வரும் என்கிறார் அத்தை.

அம்மா, கீழ் நம்பரையும் பார்க்க வேண்டும். மேலே 140 அல்லது கீழே 90, இதில் ஒன்று தொட்டாலே கணக்கில் வரும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போடாமல் தரையில் ஊன்றி, சட்டைக் கைக்கு மேலே பட்டையைச் சுற்றாமல், பேசாமல் இருந்து இன்றே மறுபடி பாருங்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்ற டெஸ்டும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

கால் வீக்கம் நிறைய பேருக்கு வரும் என்று அத்தை சொல்வது உண்மைதான். காலையில் எழும்போதே முகமும் கைவிரலும் வீங்கி, மோதிரம் கழலாமல் இருந்தால் அது வேறு. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது போலவோ மங்கலாகவோ தெரிவது, வலது விலாவுக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த கட்டம் வலிப்பாக இருக்கலாம். நம் ஊரில் 'ஜன்னி' என்று சொல்லி வேப்பிலை அடித்துக் காலம் கடத்தியது இதைத்தான். மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது, பழைய மருந்து, விலையும் குறைவு. சரியான நேரத்தில் போட்டால் வலிப்பைத் தடுக்கும். மேலே 160 அல்லது கீழே 110 வந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

கேள்வி: ஹீமோகுளோபின் 8.2. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, நிறுத்திவிட்டேன்.

கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம், தொடருங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீ, காபி, கால்சியம் மாத்திரை எதையும் அதோடு சேர்க்காதீர்கள். உங்கள் அளவுக்கு மாத்திரை போதுமா, அயர்ன் சுக்ரோஸ் ஊசி வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். உடம்பில் ரத்தம் குறைவாக இருப்பவர் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்கமாட்டார்.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்திலிருந்து ரோட்டுக்கு வரவே நேரமாகும். 108 வந்தாலும் அடிவாரத்தில்தான் நிற்கும். என்ன செய்வது அக்கா?

வலி வந்த பிறகு யோசிக்கும்படி விடாதீர்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வந்து தங்கலாம், கூட ஒருவரும் இருக்கலாம். ஆடு மாட்டை யார் பார்ப்பது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்பதுதான் பெண்களைத் தடுக்கிற கேள்வி. அதை எட்டாம் மாதமே வீட்டு ஆண்கள் பேசி முடிக்க வேண்டும். தூளி கட்டித் தூக்கி வர யார் யார் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுங்கள்.

கேள்வி: இயற்கையான முறையில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க ஆசை. எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளைகளை வீட்டில்தான் பெற்றார்.

பாட்டி பிழைத்தார். அந்தத் தெருவில் பிழைக்காதவர்களையும் பாட்டியிடமே கேளுங்கள், பெயரோடு சொல்வார். 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிரசவத்திலும் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போகும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் ஆசையின் பின்னால் இருப்பது தனியாகப் படுக்கவைத்து அதட்டுவார்களோ என்ற பயம் என்றால், அது நியாயமான பயம். அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே வைத்துக்கொள்ளலாம். கேட்டு வாங்குங்கள். நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், வசதியான நிலையில் இருக்கலாம். அதட்டுகிற நர்ஸ் யாராக இருந்தாலும் தவறு செய்கிறார்.

கேள்வி: பிரசவம் ஆன பிறகு எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து? கூட இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. குழந்தை பிறந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் குழந்தையைப் பார்க்க ஓடுவார்கள். தாயை ஒருவர் விடாமல் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

சுகப்பிரசவத்தில் அரை லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து. ஆனால் விரிப்பிலும் துணியிலும் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் எப்போதும் குறைத்துத்தான் சொல்வோம், அனுபவசாலிகளும் அப்படித்தான். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் ஒரு ஆய்வு நடந்து 2023-ல் வெளியானது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைத் தேய்ப்பது, மருந்து, டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான ஆபரேஷன், மரணம் மூன்றும் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது.

குழந்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போடுவார்கள். நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்ப்பார்கள். பிறகு முதல் இரண்டு மணி நேரம் கால்மணிக்கு ஒருமுறை தொப்புள் பக்கம் கை வைத்துப் பார்ப்போம். கருப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம், உடனே தேய்ப்போம். கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது: பேட் கால்மணியில் நனைகிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா, உதடு வெளுக்கிறதா, வியர்த்து, "தண்ணி கொடு, படபடன்னு வருது" என்கிறாரா. அப்போது கூச்சப்படாமல் சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். "இப்பதான் பார்த்தேன்" என்று சொன்னாலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தனியாரா, அரசா?

இரவு இரண்டு மணிக்கு மயக்க டாக்டரும் ரத்தமும் அங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். அரசின் சீமாங் மையங்கள், அதாவது பிரசவ, பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை மையங்கள், அதற்காகவே 24 மணி நேரமும் இயங்குகின்றன. அதே ஐந்தாம் சுற்று ஆய்வில் தமிழ்நாட்டில் சிசேரியன் அரசு மருத்துவமனையில் 36 சதவீதம், தனியாரில் 63.8. தேவைப்பட்ட சிசேரியன் உயிர் காக்கும், தேதி பார்த்துச் செய்வது வேறு.

கேள்வி: குழந்தை பிறந்ததும் தாத்தா கையால் சேனை வைப்பது எங்கள் வழக்கம். மாமனார் மனசு கஷ்டப்படுமே?

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால்தான். பெரியவரைத் தள்ளிவைக்க வேண்டாம். குழந்தையை முதலில் அவர் மடியில் வையுங்கள், காதில் பெயரை அவர் சொல்லட்டும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டாதீர்கள். தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்காதீர்கள், மூக்கில் வாயில் ஊதாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள்.

கேள்வி: 1.9 கிலோவில் பிறந்த பேத்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வது?

டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டுத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி, தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்துச் சேலையால் கட்டுங்கள். ஒரு நாளில் குறைந்தது எட்டு மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும். தாய் குளிக்கப் போகும்போது அப்பாவோ நீங்களோ வைத்துக்கொள்ளலாம். உறிஞ்சிக் களைத்துவிட்டால் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடைச் சங்கில் இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுங்கள். புட்டி வேண்டாம்.

பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலும், விலா உள்ளே இழுத்தாலும், உடம்பு சில்லென்று ஆனாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலும் உடனே பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவுக்கு எடுத்துப்போங்கள். போகும் வழியிலும் மார்போடு கட்டியே இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் வைத்தியமும் வண்டியும் இலவசம்.

கேள்வி: பிரசவமாகி மூன்று வாரம். என் தங்கை பேசுவதில்லை, அழுகிறாள், குழந்தையைத் தூக்க மறுக்கிறாள். காத்து கருப்பு என்கிறார்கள்.

காத்து கருப்பு இல்லை, இது நோய், சரியாகும். முதல் வாரத்தில் வந்து போகும் அழுகை இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவளைத் தனியாக விடாதீர்கள். இன்றே 14416-ல் அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸுக்கோ, 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ பேசுங்கள், தமிழில் பேசுவார்கள். குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்வதாகச் சொன்னால் மருத்துவமனைக்கு இப்போதே கூட்டிப்போங்கள். ராத்திரிப் பால் வேளைக்கு யார் எழுந்து துணை இருப்பது என்று வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கிடைத்தாலே பாதி பாரம் இறங்கும்.