எண்ணெயைக் குறைத்தும் கொழுப்பு இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி: வயது 46. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 238, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 36, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 145, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 285. முட்டை, கறியை விட்டு 4 மாதமாகிறது. எண்ணெய் பெயரளவுக்குத்தான். காலையில் 5 இட்லி, மதியம் சாதம், இரவு தோசை, நடுவே 4 டீ. அப்படியும் எண்கள் அசையவில்லையே? — வாசகர், கரூர்

பதில்: உங்கள் அறிக்கையில் முதலில் கவனிக்க வேண்டியது டிரைகிளிசரைடு 285 என்ற எண். அதை ஏற்றுவது பெரும்பாலும் எண்ணெய் அல்ல. சாதம், இட்லி, டீயில் போடும் சர்க்கரை. தேவைக்கு மேல் சேரும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அது ஏறினால் எச்.டி.எல். இறங்கும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

டீக்கு 2 ஸ்பூன் என்றால் 4 டீயில் மட்டும் சுமார் 40 கிராம் சர்க்கரை. முதலில் அதை நிறுத்துங்கள். நாட்டுச்சர்க்கரையும் தேனும் இதற்கு மாற்று ஆகாது. மதியம் சாதம் ஒரே ஒரு கப். தட்டில் பாதி பொரியலும் கீரையும், கூடவே ஒரு கப் கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல். காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால் இரண்டாம் முறை கேட்கத் தோன்றாது. காலையில் 3 இட்லி, இரவில் 2 தோசை, சாம்பார் தாராளமாக.

பலர் சறுக்குவது இங்கேதான்: சாதத்தை விட்டுவிட்டு 5 சப்பாத்தி சாப்பிடுவார்கள், அல்லது சொம்பு நிறையக் கம்பங்கூழ் குடிப்பார்கள். சிறுதானியத்திலும் இருப்பது மாவுச்சத்துதான். அதற்கும் ஒரு கப் கணக்கு உண்டு. விட்ட முட்டையை நாளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். மத்தி, அயிலை வாரம் 2 முறை, குழம்பாக. மதுப் பழக்கம் இருந்தால் அதை விடாமல் இந்த எண் இறங்காது.

கடையில் நாள் முழுக்க நிற்பது உடற்பயிற்சிக் கணக்கில் வராது. வாரம் 5 நாள், 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் மெதுநடை. சர்க்கரை நோய் ஒளிந்திருக்கலாம், எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) பரிசோதனையும் செய்துவிடுங்கள். 12 வாரம் கழித்து மறுபரிசோதனை: 12 மணி நேர வெறும் வயிறு, முந்தைய இரவு விருந்து கூடாது.

கேள்வி: வயது 52. எல்.டி.எல். 172, டிரைகிளிசரைடு 120. வீட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அதில் கொலஸ்ட்ராலே இல்லை என்கிறார்களே? — வாசகி, நாகர்கோவில்

பதில்: எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. தேங்காய் எண்ணெயில் அது ஏறக்குறைய 90 சதவீதம். நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் 20 சதவீதத்துக்குள். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்து அகற்றும் கல்லீரலின் வேலையை நிறைவுற்ற கொழுப்பு மந்தமாக்கும்.

அதற்காக அவியலின் மணத்தை இழக்க வேண்டாம். இறக்கும்போது ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் போதும். மற்ற சமையலுக்கு நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய். எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டர். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். வனஸ்பதி சேர்த்த பேக்கரி பண்டங்களும் வேண்டாம்.

எல்.டி.எல்.லைக் குறைக்க, நார்ச்சத்துள்ள இசப்கோல் உமியைத் தினம் 1 டீஸ்பூனில் தொடங்கி, ஒரு வாரத்தில் 2 ஆக்குங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடிக்க வேண்டும். தாமதித்தால் கெட்டியாகித் தொண்டையில் அடைக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிட்டால் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பாருங்கள். உணவால் பொதுவாக 10 முதல் 15 சதவீதம்தான் குறையும். எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்கள் உணவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது; மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கொலஸ்ட்ரால் அளவு சரியாகிவிட்டது. அதற்கான மாத்திரையை நிறுத்தலாமா? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால் வந்த அளவு அது. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். தசைவலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார்.