மாமியார் கண்ணுக்கு மட்டும் தெரியும் விருந்தாளிகள்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுப் பெரியவர்களின் கண்ணைப் பற்றித்தான். எழுதியவர்கள் பெரும்பாலும் மகள்கள், மருமகள்கள். பார்வை குறைந்தவர் தானாக வாயைத் திறப்பது அபூர்வம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று அவரே முடிவு கட்டிவிடுகிறார், வீட்டிலும் தலையாட்டிவிடுகிறார்கள். இப்படி விட்டதால் கை நழுவிப்போன கண்களை நிறையப் பார்த்தாயிற்று. கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

எனக்கு 67 வயது. மார்கழியில் தினமும் பெரிய கோலம் போடுவேன். சில நாட்களாகப் புள்ளியை நேராக வைத்தாலும் நடு வரிசை மட்டும் நெளிந்து தெரிகிறது. கண்ணாடி பவர் மாறியிருக்கும், பொங்கல் முடிந்து பார்க்கலாம் என்கிறான் மகன். (கும்பகோணம் வாசகி)

அம்மா, உங்களுக்குத் தனியாக உடனே பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே. பவர் மாறினால் பொதுவாக எழுத்து மங்கும். நேர்க்கோடு புதிதாக வளைந்து தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில், மாக்குலா என்கிறோமே, அங்கே நீர் கோத்திருக்கிறதோ ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வயது காரணமாகவும் வரும், சர்க்கரை நோயாலும் வரும். பொங்கல் வரை தள்ளிப்போடுகிற சங்கதி இல்லை இது, ஓரிரு நாளில் பார்த்தாக வேண்டும். கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். கேட்டாலே வயிற்றைக் கலக்கும்தான், ஆனால் சொட்டு மருந்திலேயே கண்ணை மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் போடுவார்கள். ஒரு ஊசியோடு முடியாது, சொன்ன தேதிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். சீக்கிரம் போனால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம், சிலருக்குக் கொஞ்சம் திரும்பவும் செய்யும்.

நாற்பது தாண்டிய எல்லோரும் ஒன்று செய்யலாம். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, ஜன்னல் கம்பியையோ குளியலறை டைல்ஸ் இடைக்கோட்டையோ பாருங்கள். அப்புறம் மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும், மாதக்கணக்கில் தெரியவே தெரியாது. வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் இந்த நோய்க்கு அதுவும் ஒரு பெரிய காரணம் என்று சொல்லி வையுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. கண்புரை இருக்கிறது என்று முகாமில் சொன்னார்கள். ஆனால் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்! கண் தானாகச் சரியாகிவிட்டது, அப்படியே இருந்தாலும் புரை நன்றாகப் பழுக்கட்டும் என்கிறார். (மதுரை வாசகர்)

உங்கள் அப்பாவின் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் கண் சரியாகவில்லை. புரை உள்ளே இறுகும்போது லென்ஸின் சக்தி கூடி, கிட்டப்பார்வைப் பக்கம் இழுக்கிறது. அதனால் கொஞ்ச நாளைக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படாது. தெருமுனையில் வருகிற பஸ்ஸின் நம்பரை வாசிக்கச் சொல்லுங்கள், விஷயம் தெரிந்துவிடும். இந்தச் சலுகை ரொம்ப நாள் நீடிக்காது, புரை வளர வளரக் கிட்டத்தில் இருப்பதும் மங்கும்.

பழுக்கட்டும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. லென்ஸை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்பிய நாட்களில் அதில் நியாயம் இருந்தது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பதை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி 1949-இலேயே செய்து காட்டிவிட்டார், ஆனால் விலை நம் ஊர் ஏழைக்கு எட்டவில்லை. உங்கள் ஊரிலேயே அதற்கு வழி பிறந்தது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையின் தொடர்ச்சியாக 1992-இல் ஆரோலேப் வந்து, லென்ஸை மலிவாகத் தயாரிக்க ஆரம்பித்தது. (முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்.) இப்போதெல்லாம் புரை எவ்வளவு முற்றியது என்று யாரும் காத்திருப்பதில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா, படியில் தடுமாறுகிறாரா, ராத்திரி எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறதா, அவ்வளவுதான் கணக்கு. அளவுக்கு மீறி முற்றவிட்டால் லென்ஸ் கல்லாக இறுகி அறுவைச் சிகிச்சை கடினமாகும், சிலருக்கு அது வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தை ஏற்றி, பார்வைக்கே உலை வைத்துவிடும். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் ஊற்ற வேண்டாம், எந்தச் சொட்டும் புரையைக் கரைக்காது.

பெரியப்பாவுக்குக் கண் அழுத்த நோய்க்கு ஒரு வருடமாகச் சொட்டு மருந்து. பார்வை துளிகூடக் கூடவில்லை, வீண் செலவு என்று நிறுத்திவிட்டார். (திருநெல்வேலி வாசகர்)

இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள், நிறுத்திவிட்ட விஷயத்தை டாக்டரிடம் ஒளிக்காமலும் சொல்லச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. அந்தச் சொட்டு பார்வையைக் கூட்டுவதற்கானது இல்லை. க்ளாக்கோமா என்கிற இந்தக் கண் அழுத்த நோயில் பார்வை நரம்பு செத்த இடம் செத்ததுதான். மீதி நரம்பைக் காப்பாற்றத்தான் மருந்து. பார்வை கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ஆரம்பத்தில் இதை எழுதிக்கொடுக்கிறவர் யாராயிருந்தாலும் விளக்கியிருக்க வேண்டும், பல இடங்களில் அதற்கு நேரமிருப்பதில்லை.

இது ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்துவிடுவார், ஆனால் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார், பக்கவாட்டில் வருகிற ஸ்கூட்டரைக் காணமாட்டார். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயதுக்கு மேல் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும், ரத்த உறவில் இருந்தால் வாய்ப்பு பல மடங்கு. கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் தானாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இந்த நோய் வரும்.

ஒரு சொட்டு போதும். கீழிமையை இழுத்து விட்டுக் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கட்டும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடம். இளைப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சில சொட்டுகள் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

மாமியாருக்கு 81 வயது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. சாயங்காலமானால் கூடத்தில் பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்கிறார். ஒருநாள் சுவரெல்லாம் பூவேலை. யாரும் பேசுவதில்லையாம். எங்களிடம் முதலில் சொல்லவே இல்லை, பேத்தியிடம் மட்டும் "அங்க யாராச்சும் நிக்கிறாங்களாடி?" என்று கேட்டிருக்கிறார். நாத்தனார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு மந்திரிக்கக் கூப்பிடுகிறார். வீட்டுக்காரர் மனநல மருத்துவரிடம் போகலாம் என்கிறார். (சேலம் வாசகி)

பேத்தியிடம் அவர் கேட்டதைக் கவனியுங்கள். கண்ணில் தெரிகிறது, ஆனால் நிஜமாக இருக்காது என்று தோன்றுகிறது, நம்பகமான ஒரு ஆளை வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறார். புத்தி தெளிவாக இருக்கிறவர் செய்கிற காரியம் அது.

இதற்குச் சார்ல்ஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் பொனே, 1760-இல் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். 89 வயது, புரையால் பார்வை மங்கியவர், அறிவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆண்களும் பெண்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் அவர் முன் வந்து வந்து போயின. தாத்தா பயப்படவில்லை, வேடிக்கை பார்த்தார். உங்கள் மாமியாருக்குப் பட்டுப்பாவாடை, அவருக்கு அவர் ஊர் வேஷம்! கண்ணிலிருந்து வரவேண்டிய சேதி குறைந்துபோனால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானாகவே படங்களை உண்டாக்கிக் காட்டுகிறது. சத்தம் இருக்காது. மங்கல் வெளிச்சத்தில், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அதிகம் வரும், அதனால்தான் சாயங்காலம்.

முதல் மருந்து, அவரிடம் இதைச் சொல்வதுதான். "உங்களுக்குப் பைத்தியம் இல்லை அத்தை, கண் மங்கியவர்களுக்கு இப்படி வருவதுண்டு" என்று சொன்ன மாத்திரத்தில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், அத்தனை நாள் பயத்தை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே கூடத்தில் நல்ல வெளிச்சம் போடுங்கள். உருவம் தெரியும்போது கண்ணை இடமும் வலமும் வேகமாக நாலைந்து முறை ஓட்டச் சொல்லுங்கள், கண்ணைச் சிமிட்டவோ எழுந்து அடுத்த அறைக்குப் போகவோ சொல்லுங்கள், பலருக்குக் கலைந்துவிடும். நாள்பட நாள்படப் பொதுவாகக் குறையும், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும்.

வீட்டுக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். அந்த உருவங்கள் பேசினால், மாமியார் அவர்களோடு பேசினால், அவர்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னால், மறதியோ கை நடுக்கமோ இருந்தால், திடீரென்று ஒரே நாளில் குழம்பிப்போனால், அது வேறு. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புது மாத்திரை, நரம்பு நோய் என்று காரணம் பல இருக்கும், பொது மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ பார்க்க வேண்டும். கண் டாக்டரிடமும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்; புரை மாதிரி சரிசெய்யக்கூடியது ஏதாவது கூட இருந்து, அதைச் சரிசெய்தால் உருவங்களும் குறையலாம். எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் கொடுங்கள்.

அம்மாவுக்கு இனி பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் என்ன செய்வது? (கோவை வாசகி)

திரும்பாது என்றால் மிச்சமிருப்பதை வைத்து வாழக் கற்றுக்கொள்ளலாம் என்று அர்த்தம். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்று தனிப் பிரிவு உண்டு, உருப்பெருக்கிகளைக் கையில் கொடுத்துப் பழக்குவார்கள். வீட்டில் வெளிச்சமும் நிற வேறுபாடும் முக்கியம். வெள்ளைப் பீங்கான் தட்டில் தயிர்சாதம் போட்டால் அவருக்கு எங்கே சோறு, எங்கே தட்டு என்று தெரியாது; வாழை இலையில் போடுங்கள், பளிச்சென்று தெரியும். படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரிக்கு இரண்டு. நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அவர் கையிலிருந்து அரிவாள்மனையை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். அறுபது வருடம் காய் நறுக்கிய கைக்குக் கண் அவ்வளவாகத் தேவைப்படாது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரை உள்ளவர் கண் தானம் செய்யலாமா? (வேலூர் வாசகர்)

தாராளமாக. எடுத்து வைக்கப்போவது கருவிழியைத்தான், லென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயதும் கண்ணாடியும் தடையில்லை. ஆனால் உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதனால் வீட்டாருக்கு முன்பே சொல்லி வையுங்கள், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவர்கள்தான். கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, ஃபேனை அணைத்து, இமையை மூடி மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைத்தால் போதும், அவர்களே வந்துவிடுவார்கள்.