‘ஆரம்பநிலை’ என்றார்களே, எலும்புக்கு எப்படிப் போனது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. எண்டோஸ்கோபியில் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய் என்றார்கள். முதுகுவலிக்கு எடுத்த ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பெலும்புக்குப் பரவியிருப்பதாகச் சொல்கிறார்கள். இது எப்படி? வயிற்றை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா?

பதில்: ‘ஆரம்பநிலை’ என்பது கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. உட்சவ்வையும் அதற்கு அடுத்த அடுக்கையும் தாண்டாவிட்டால் அந்தப் பெயர். ஆனால் அந்த இரண்டாம் அடுக்கிலேயே ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. சிக்னெட் ரிங் செல் (மோதிரம் போலத் தெரியும் புற்றுச் செல்) போன்ற வகைகள் அவ்வழியே அபூர்வமாக எலும்பு மஜ்ஜைக்குப் போய்விடும். பரவிவிட்டால் அது 4-ஆம் ஸ்டேஜ்தான்.

அபூர்வம் என்பதாலேயே, எலும்பில் இருப்பது வயிற்றிலிருந்து வந்ததுதானா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். இந்த வயது ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோயோ மைலோமாவோ (மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்) தனியாக இருக்கலாம், சிகிச்சையே மாறிவிடும். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கு), புரத எலக்ட்ரோபோரசிஸ் (மைலோமாவுக்கு) ரத்தப் பரிசோதனைகளும், முடிந்தால் எலும்பு பயாப்சியும் (துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவை. பிளேட்லெட் குறைகிறதா என்றும் பாருங்கள். மஜ்ஜை பாதித்தால் ரத்தம் உறைவதே குழம்பும்.

பரவியது உறுதியானால் வயிற்றை எடுப்பதால் ஆயுள் கூடாது, கீமோதான் தள்ளிப்போகும். ரத்தக்கசிவோ அடைப்போ இருந்தால் மட்டும் ஆபரேஷனை யோசிக்கலாம். கீமோவுக்கு முன்பே பயாப்சித் துண்டில் ஹெர்2, எம்.எஸ்.ஐ., பி.டி.எல்.1, கிளாடின் 18.2 என்ற புற்றுச் செல் அடையாளங்களைப் பார்க்கக் கேளுங்கள். எந்த மருந்தைச் சேர்ப்பது என்பதை அவைதான் தீர்மானிக்கும். இந்நிலையில் முழுக் குணம் அரிது; நோயைக் கட்டுப்படுத்தி வலியில்லாமல் வைப்பதே இலக்கு.

எலும்புவலிக்குப் பெரும்பாலும் ஒரே தடவை 8 கிரே கதிர்வீச்சு போதும். முதல் சில நாள் வலி சற்றுக் கூடலாம், பயப்படாதீர்கள். டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றுக் கட்டியில் ரத்தம் கசியும். மார்ஃபின் தொடங்கினால் மலமிளக்கியும் அன்றே தொடங்க வேண்டும். எலும்பைக் காக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. ஊசி போடுவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, சொத்தைப் பல்லைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும். கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கால்சியம் அளவும் பார்த்துவிட்டே போட வேண்டும்.

காலில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீர் வராமல் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறது என்று நினைத்து அப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால்தான் நடை தங்கும். காலையில் பார்க்கலாம் என்று ஓர் இரவுகூடக் கடத்தாதீர்கள்.