தொப்பைக்கும் குடல் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 41. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இல்லை; தொப்பை உண்டு. என் அண்ணனுக்கு 49 வயதில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. கொழுப்பில் சுரக்கும் ஹார்மோன் புற்றை வளர்க்கும், எடையைக் குறை என்கிறார்கள். கொழுப்பு ஹார்மோன் சுரக்குமா? அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா?

பதில்: சுரக்கும். 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் அவற்றில் முக்கியமானது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு ஏற ஏற லெப்டினும் ஏறும். மூளையோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. ஆனால் பெருங்குடல் செல்களிலும் லெப்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அங்கே அது செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டுகிறது. கட்டிக்குப் புது ரத்தக்குழாய்கள் முளைக்கவும் துணைபோகிறது.

இதைத் தடுத்து நிற்பது அடிபோனெக்டின். இதுவும் கொழுப்பில்தான் சுரக்கிறது, ஆனால் தொப்பை பெருத்தால் குறைந்துவிடும். அது குறைந்தால் இன்சுலின் சரிவரப் பலிக்காது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். மிகுந்த இன்சுலினும் செல் வளர்ச்சியைத் தூண்டும். சர்க்கரை அளவு சரியாக இருக்கும் காலத்திலேயே இது நடக்கலாம் என்பதால், சர்க்கரை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உடல் பருமனோடு தொடர்புள்ள 13 வகைப் புற்றுநோய்களைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் பட்டியலிட்டபோது, பெருங்குடல் புற்றும் அதில் இருந்தது. இந்தத் தொடர்பு பெண்களைவிட ஆண்களிடம் வலுவாகத் தெரிகிறது.

லெப்டின் பரிசோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அதை வைத்து எந்தச் சிகிச்சையையும் முடிவு செய்வதில்லை. தையல்காரரின் டேப் போதும். தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டும் இடத்தில் அளந்து பலரும் ஏமாந்துபோகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் வரம்பு. கூடினால் இரவுப் புரோட்டாவைக் குறையுங்கள். நாள் முழுக்கக் கல்லாவில் உட்காராமல் நடங்கள்.

இத்தனையும் சொன்னாலும், உங்கள் விஷயத்தில் ஹார்மோனைவிட அண்ணனின் வயதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. உடன்பிறந்தவருக்கு 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதிலோ அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். உங்களுக்கு அது 39-லேயே வந்துவிட்டது. சதைமொட்டு ஏதும் இருந்தால் புற்றாக மாறுமுன் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். பிறகு பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டி நாட்டு மருந்து தேடாதீர்கள்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் குடல் நோய்ப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். அண்ணனின் பயாப்சி (சதைப் பரிசோதனை) அறிக்கை நகலும் கையில் இருக்கட்டும். பரம்பரை வகையா என்று பார்க்க அது தேவைப்படும். அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குதான்.