பள்ளியில் என்.எஸ்.எஸ். என்கிறார்களே, அது என்ன?

என்.எஸ்.எஸ். என்றால் நாட்டு நலப்பணித் திட்டம். பிள்ளைகள் விரும்பிச் சேர்ந்து, கூலி வாங்காமல் ஊருக்குச் செய்யும் வேலை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதுபோக ஏழு நாள் முகாம்.

எதற்கு இதெல்லாம்? தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில், பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம் என்பது புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வி. முகாமில் வீடு வீடாகப் போகும்போது, பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு பையன் கதவைத் திறந்து, "குடிக்க ஒகேனக்கல் தண்ணி, சோறாக்க போர் தண்ணிண்ணா" என்பான். சோற்று வழியாகவும் ஃப்ளோரைடு உடம்புக்குள் போகிறது, காய்ச்சினாலும் தண்ணீரைவிட்டு நீங்காது என்பது அப்போதுதான் உறைக்கும்.

கிணற்று மேட்டில் நின்று நீச்சல் சொல்லித்தர முடியுமா? இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். முகாம்தான் அந்தச் சுரைக்குடுக்கை. (துடைப்பத்தோடு போட்டோ எடுத்துவிட்டுக் கலையும் முகாம்களும் உண்டு, அவற்றைச் சேர்க்கவில்லை.)

பலர் இதையும் என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையையும் ஒன்றாக நினைக்கிறார்கள்: அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் சீருடை, அணிவகுப்போடு நடப்பது, இது இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துடையது, வழக்கமான அணிவகுப்புப் பயிற்சி கிடையாது.